கடல் தெரியும் அறையும் எல்லம்மாள் குழம்பும்

'கடல் தெரியும் அறை' என்றால் அதில் எவ்வளவு கடல் தெரிய வேண்டும்? சன்னல் நிறையவா? பாதிச் சன்னலா? அல்லது குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று, காற்றுக்காக விட்டிருக்கும் ஓட்டை வழியாகக் கழுத்தை நீட்டினால் சவுக்கு மரங்களுக்கு நடுவே நீலமாக ஒரு நூல் தெரிகிறதே, அது போதுமா? ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆகப்போகிறது. இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. "தெரியுதா இல்லையாம்மா? தெரியுது இல்ல? அப்போ கடல் தெரியும் அறைதான்" என்று அந்த ஓட்டல் மேனேஜர் சொன்னதை நினைத்தால் அவர் சொன்னதும் சரிதானோ என்று தோன்றுகிறது. எனக்கு எதிலும் அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்குமோ என்று யோசித்து, கடைசியில் என் பக்கம் யாரும் இல்லாமல் போய்விடும்.

ஓட்டலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெயரில் 'பேலஸ்' உண்டு என்பது மட்டும் போதும். என் கணவர் கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக வந்திருக்கும் கம்பி ஆலை ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறார். வாரம் முழுவதும் அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டு, சனிக்கிழமை திருவள்ளூருக்கு வருவார். ஒரு சனிக்கிழமை வரும்போதே முகம் கொள்ளாத சிரிப்பு. வடக்கேயிருந்து ஆலையைப் பார்க்க வரவேண்டிய பெரிய மனிதர்கள் கடைசி நேரத்தில் வரவில்லையாம். அவர்களுக்காகப் பேசி வைத்திருந்த அறை வீணாக வேண்டாம், நீ குடும்பத்தோடு போய் மூன்று நாள் இருந்துவிட்டு வா என்று ஆலை மேனேஜர் சொல்லிவிட்டாராம். "லக்சுரி ஓட்டல்டி! ஏர் கண்டிஷன், நீச்சல் குளம், கடல் தெரியற ரூம்!" என்று கைகால் கழுவாமலேயே அடுக்கினார்.

எனக்கு நீச்சல் குளத்தைவிடக் கடல் காற்றுதான் பெரிதாகப் பட்டது. காரணம் கோதை. எங்கள் ஒரே பெண், மூன்றரை வயது. தட்டம்மை வந்து இறங்கியதிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டுவிட்டாள். ஒரு வாய் சாதத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருப்பாள். என் மாமனார் கோயில் மடைப்பள்ளியில் பெருமாளுக்குத் தளிகை செய்கிறவர். அவர் கைப் புளியோதரைக்காக மணவாள நகரிலிருந்து நடந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புளியோதரையை நெய் ஊற்றிப் பிசைந்து கொடுத்தாலும் தலையைத் திருப்பிக்கொள்வாள். தினம் வாசலில் செருப்பை விடும்போதே, "குழந்தை சாப்பிட்டாளா?" என்று கேட்பார். நான் தீர்த்தம் எடுத்து வைப்பேன். அவர் மேற்கொண்டு கேட்கமாட்டார். டாக்டர்தான், "கடல் காத்து படட்டும்மா, பசி தானா எடுக்கும்" என்றார். மருந்துகள் தீர்ந்துபோன டாக்டர் சொல்வது போல அது எனக்குப் பட்டாலும் பிடித்துக்கொண்டேன்.

ஸ்டவ்வையும் இரண்டு பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இவர் தலையில் அடித்துக்கொண்டார். "பேலஸுக்கு ஸ்டவ் எடுத்துண்டு போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவான்." அதுவும் சரிதானோ என்று தோன்றியது. கோதையின் வெள்ளிக் கிண்ணத்தை மட்டும் பெட்டியில் வைத்தேன். மாமனார் பெரிய தூக்கு நிறையப் புளியோதரை கட்டிக் கொடுத்தார். "ஓட்டல்ல ஆயிரம் இருக்கட்டும். இது கெடாது" என்றார்.

முதல் நாள் ஆலை வேனில் கிளம்பினோம். வழியெல்லாம் கோதை, 'மாடு', 'லாரி', 'இன்னொரு மாடு' என்று கூவிக்கொண்டு வந்தாள். எனக்கு உள்ளுக்குள் துள்ளியது. கடல் காற்று இன்னும் வராமலேயே குழந்தைக்குத் தெம்பு வந்துவிட்டதே! அந்தச் சந்தோஷம் தார் ரோடு முடிகிற வரைக்கும்தான். அதற்கப்புறம் மணல். வேன் ஒரு குலுங்கு குலுங்கி, பின்புறம் பாதி புதைந்து உட்கார்ந்துகொண்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பேஜாரா பூட்ச்சே சார்" என்றார். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, 'தள்ளுங்கோ, தள்ளுங்கோ' என்று வாயால் தள்ளினேன். சக்கரம் சுற்றிய சுற்றில் இவர் மேல் விழுந்த மணலை வைத்து ஒரு சின்னச் சுவரே கட்டியிருக்கலாம். "படகுத்துறை தோ, கூப்பிடு தூரம்தான்" என்று டிரைவர் சொன்னதை நம்பி நடந்தோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டபின்தான் துறை வந்தது.

ஓட்டல் ஏரிக்கு அந்தப் பக்கம், கடலுக்கு இந்தப் பக்கம். பழவேற்காட்டு ஏரியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கள் ஊர்க் கோயில் குளத்தில் ஒரு படி இறங்கவே தயங்குகிறவள் நான். இது கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். படகுக்காரர் கழியை ஊன்றித் தள்ளினார். சேற்றுக் கரையோரம் ரோஜா நிறத்தில் ஏதோ விரித்துப் போட்டிருந்தது போலத் தெரிந்தது. புடவை காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்தப் புடவை கால்களை எடுத்து நடந்தது.

"பூநாரை! கோதை, அங்க பாரு, பூநாரை!" என்று இவர் எழுந்து நின்றே விட்டார்.

"குந்து நைனா! குந்து!" என்று படகுக்காரர் கத்துவதற்குள் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கோதையைப் பிடித்தேன். இவர் என்னைப் பிடித்தார். தூக்கை யாரும் பிடிக்கவில்லை. அது ஒரு தடவை மிதந்து எங்களைப் பார்த்துவிட்டு, மூடியோடு உள்ளே போயிற்று.

படகுக்காரர், "இன்னா கீது அதுல?" என்று கேட்டார். புளியோதரை என்றேன். "மீனுங்களுக்கு இன்னிக்கு நல்ல நாளு" என்று சொல்லிவிட்டுக் கழியை ஊன்றினார். அழ வேண்டும் என்று நினைத்தேன். கோதை கைதட்டிச் சிரித்துவிட்டாள். அப்புறம் எங்கே அழுவது?

ஓட்டல் வாசலில் இரண்டு சிமெண்டு யானைகள். ஒன்றுக்குத் தும்பிக்கை இல்லை. உள்ளே உயரமான மேசைக்குப் பின்னால் கறுப்புக் கோட்டும் சிவப்பு டையுமாக மேனேஜர் நின்றிருந்தார். "வெல்கம், வெல்கம்" என்று குனிந்தார். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஸ்டவ் எடுத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் பார்த்தாயா என்பது போல. மேனேஜர் சாவியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வெளியே வந்தார். கோட்டுக்குக் கீழே கட்டம் போட்ட லுங்கி. "பேண்ட் துவைக்கப் போட்டிருக்கு" என்றார். மூன்று நாளும் அது காயவில்லை.

அறையில் ஏர் கண்டிஷன் இருந்தது. சன்னலுக்கு மேலே பெரிய பெட்டி. அதற்குள் ஓர் அணில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்தால் அது ஒரு சத்தம் போடும், எழுந்தால் வேறு சத்தம். குளியலறையில் ஆள் படுக்கிற அளவு வெள்ளைத் தொட்டி. குழாயில் தண்ணீர் வராததால் கிணற்று நீரைக் கொண்டுவந்து தொட்டி நிறைய ஊற்றி வைத்திருந்தார்கள். மூன்று நாளும் நாங்கள் தொட்டிக்கு வெளியே உட்கார்ந்து சொம்பால் மொண்டு குளித்தோம். திருவள்ளூரிலும் இப்படித்தான் குளிக்கிறோம், ஆனால் அங்கே கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. வாளியைக் கவிழ்த்துக் கடல் பார்த்ததும் அன்றைக்குத்தான். இவர் ஏறிப் பார்த்தார். நான் ஏறிப் பார்த்தேன். கோதையைத் தூக்கிக் காட்டினோம். அவள் அணிலைப் பார்க்கவேண்டும் என்றாள்.

பக்கத்து அறையில் நெல்லூர்ப் பக்கத்துப் புது ஜோடி. நடுச்சுவர் பாதிதான் சுவர், மீதி பலகை. எனக்குத் தெலுங்கு ஓரளவு புரியும். "பேலஸ் என்றீர்களே! எங்கள் வீட்டு எருமைக்குக்கூடத் தனித் தொட்டி இருக்கிறது, அதில் தண்ணீரும் இருக்கிறது, இங்கே வெறும் தொட்டி" என்று பெண் சொல்வதும், "மெதுவாகப் பேசு, பக்கத்தில் பெரிய மனிதர்கள் வந்திருக்கிறார்கள்" என்று பையன் கெஞ்சுவதும் கேட்டது. அந்தப் பெரிய மனிதர்கள் நாங்கள்தான் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. இவரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். இவர் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தார். மறுநாள் முதல் படகிலேயே அந்தப் பெண் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

சாப்பாட்டு அறையில் தடித்த அட்டையில் பக்கம் பக்கமாக இங்கிலீஷில் சாப்பாட்டுப் பட்டியல். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். ஆனாலும் பாதிப் பெயர்களை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். மேனேஜரே குறிப்பெடுக்க வந்து நின்றார்.

"தக்காளி சூப்" என்றார் இவர்.

"சீசன் இல்ல சார்."

"கட்லெட்?"

"சமையல்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்காரு சார்."

"என்னதான் இருக்கு?"

"பிரட் ஆம்லெட்."

"சைவமா ஏதாவது?"

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "பிரட்" என்றார்.

ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கோதைக்குக் கொடுத்தேன். கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். படுக்கும்போது தொட்டுப் பார்த்தேன், இன்னும் கன்னத்தில்தான் இருந்தது. கடல் காற்று சன்னல் வழியாக வீசிக்கொண்டே இருந்தது. என்ன பிரயோசனம்? இருந்த புளியோதரையையும் ஏரியில் விட்டுவிட்டு இந்தக் குழந்தையைப் பட்டினி போடவா இவ்வளவு தூரம் கூட்டிவந்தோம் என்று மனசு பிராண்டியது. மாமனார் இப்போது வாசலில் செருப்பை விட்டுவிட்டு யாரைக் கேட்பார்?

இரண்டாம் நாள் காலையில் நீச்சல் குளத்தைப் பார்க்கப் போனோம். இதுவாவது இருக்கிறதே என்று ஒரு நப்பாசை. இருந்தது. நீல நிறச் சுவர், இறங்கப் படிகள், குதிக்க ஒரு பலகை. தண்ணீர் மட்டும் இல்லை. அதற்குப் பதில் அடிமுழுவதும் நெத்திலி பரப்பிக் காயப் போட்டிருந்தது. நடுவில் ஒரு பெண்பிள்ளை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, காக்காய் ஓட்டியபடி மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காவல்காரர் மனைவி எல்லம்மாள். அறைகளைப் பெருக்குவதும் அவள்தான்.

"இதில் தண்ணீர் விடமாட்டார்களா?" என்று கேட்டேன்.

"தண்ணி உட்டா மீனு எப்டிம்மா காயும்?" என்றாள்.

இவர் குதிக்கும் பலகையிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் தொற்றிக்கொண்டது. முந்திய நாளிலிருந்து அடக்கி வைத்த கவலையெல்லாம் சிரிப்பாக வந்தது போலிருக்கிறது, நிறுத்தவே முடியவில்லை. எல்லம்மாள் இடுப்பில் கைவைத்து எங்களைப் பார்த்துவிட்டு, கோதை பக்கம் திரும்பினாள்.

"இன்னாம்மா இது, கொயந்த ஈர்க்குச்சி மாதிரி கீது? ஊட்ல சோறு ஆக்க மாட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "இவள் தாத்தா பெருமாளுக்கே சமைக்கிறவர்" என்றேன்.

"பெருமாளு எங்க துன்றாரு? கொயந்த இல்ல துன்னணும்!"

தட்டம்மையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் குளக்கரையில் உட்கார்ந்து அவளிடம் சொன்னேன். அவள் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "மத்தியானம் ஒரு கொயம்பு வெச்சுத் தரேன். துன்னுதா இல்லியா பாரு" என்றாள்.

இவர் தயங்காமல் சரியென்றார். நான்தான் தயங்கினேன். எங்கள் வீட்டில் வெளிச் சாப்பாடு என்றாலே மாமனார் அன்று முழுக்கப் பேசமாட்டார். இருந்தாலும் பிரயாணம், குழந்தை, பட்டினி. கடைசியில் நிபந்தனைகள் போட்டேன்.

"மீன் கூடாது எல்லம்மா."

"சரி."

"வெங்காயம் கூடாது."

"அது இன்னா பாவம் பண்ணிச்சு?"

"பூண்டும் கூடாது."

"மீனு வேணாம், வெங்காயம் வேணாம், பூண்டு வேணாம். கல்லாவுது போட்லாமா?"

"மாங்காய், கத்திரிக்காய் போடலாம்."

"ஐயரு ஊட்டம்மாவுக்குச் சமைக்கிறதுக்குள்ள நான் கடலுக்கே போய் வந்துடுவேன் போல கீதே" என்று சிரித்தாள்.

"ஐயர் இல்லை, ஐயங்கார்" என்றார் இவர், எங்கே போனாலும் திருத்துவது போல.

"ரெண்டு பேரும் மீனு துன்ன மாட்டீங்க இல்ல? அப்பறம் இன்னா சார் வித்தியாசம்?"

"இதை எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார் இவர்.

மத்தியானம் குளத்துப் படி நிழலில் எல்லம்மாள் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். குழம்பு செக்கச்செவேலென்று இருந்தது. மேலே எண்ணெய் மிதந்தது. வெள்ளிக் கிண்ணத்தில் கொஞ்சமாகப் பிசைந்து கோதைக்கு ஒரு வாய் கொடுத்தேன். வழக்கம்போலக் கன்னத்துக்குப் போகப்போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கன்னத்துக்குப் போகவில்லை. விழுங்கினாள். வாயைத் திறந்தாள். இன்னொரு வாய். திரும்பவும் திறந்தாள். என் கை அவள் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை என்று கிண்ணத்தைப் பிடுங்கித் தானே அள்ளிப் போட்டுக்கொண்டாள். மூக்கிலே குழம்பு, காதிலே குழம்பு. "காரம்" என்றாள். தண்ணீர் குடித்தாள். "இன்னும்" என்றாள்.

'இன்னும்' என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று! நான் அந்த நீலச் சுவரில் சாய்ந்துகொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. இவர் அதற்குள் மூன்றாம் தடவை குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தார். "எங்கப்பா வத்தக்குழம்புகூட இப்படி ருசிக்காதுடி" என்றார். நானும் சாப்பிட்டேன். உண்மையைச் சொன்னால், ரொம்ப நன்றாக இருந்தது. சாதாரண மாங்காய், சாதாரணக் கத்திரிக்காய். அதற்கு அடியில் ஏதோ ஒரு ஆழமான ருசி, கிணற்றின் அடியில் தெரிகிற ஊற்று மாதிரி. வாசனை தெரியவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த இடத்தில் எல்லாமே ஒரே கருவாட்டு வாசனைதான். தலையணை, திரைச்சீலை, மேனேஜரின் கோட்டு எல்லாம். குழம்பு மட்டும் தனியாக வீசியதாக எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் நிஜமாகவே கடலுக்குப் போனோம். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் போதும், எதிரே முழுக் கடல், வாளியே வேண்டாம். கோதை ஓடினாள். வயிறு நிறைந்த குழந்தை எப்படி ஓடும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அலை வரும்போது விரலை நீட்டி, "போ!" என்றாள். அது போயிற்று. திரும்ப வந்தது. "போ!" என்றாள். திரும்பவும் போயிற்று. உலகமே தன் பேச்சைக் கேட்கிறது என்று அவளுக்கு அன்றைக்கு ஒரு மமதை வந்துவிட்டது. இவர் என் கையைப் பிடித்து இழுத்தார். நான் புடவை நனையும் என்றேன். நனைந்தது. அணில் போட்ட நார் கட்டில் முழுவதும் கிடக்கிற, சூப் இல்லாத, குளத்தில் கருவாடு காய்கிற அந்த ஓட்டலைப் போல ஓர் ஓட்டல் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. இருட்டுவதற்குள் எல்லம்மாளின் குழம்பு மறுபடியும் வந்தது. கோதை மறுபடியும் கிண்ணத்தை வழித்தாள்.

மூன்றாம் நாளும் அதே குழம்புதான் வேண்டுமென்றாள், காலை நாஷ்டாவுக்கே. சாப்பிட்டாயிற்று. பெட்டியைக் கட்டிவிட்டு, எல்லம்மாளுக்கு ஒரு புது ரவிக்கைத் துணியும் குங்குமமும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். வெறுங்கையோடு விடைபெறுவது எங்களுக்கு வழக்கமில்லை. கூரைச் சாய்ப்பின் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் மண்சட்டியில் கரண்டியை விட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பை நெருங்கியதும் நின்றுவிட்டேன். அந்த ருசியின் வாசனை. இரண்டு நாளாகக் கோதையின் கிண்ணத்தில் இருந்தது அதுதான், சந்தேகமே இல்லை.

"என்ன எல்லம்மா அது?"

"ஊட்டுக்காரருக்கு மடவ மீனு" என்றாள். "ஏரி மீனு. ரெண்டு நாளா உன் கொயம்பே வெச்சிக்கினு இருந்தேனா, மனுசன் மொனகிக்கினு கீறாரு."

"எங்களுக்கு வைத்தது எந்தச் சட்டி?"

கரண்டியால் சட்டியின் விளிம்பைத் தட்டினாள். "இதான். எனக்கு இன்னா பத்துச் சட்டியா கீது? கண்ணாலம் ஆன நாளா இதுலதான் ஆக்கறேன்."

எங்கள் வீட்டில் பாலுக்கு ஒரு பாத்திரம், ஊறுகாய்க்கு ஒரு பாத்திரம், சாதம் பட்ட பத்துக்கு ஒரு பாத்திரம். ஒன்றைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொட்டால் கழுவிவிட்டுத்தான் மறு வேலை. கல்யாணமான நாளிலிருந்து அதைச் சரியாகக் கடைப்பிடிக்கிறவள் நான். மீனைக் கேட்டேன், வெங்காயத்தைக் கேட்டேன், பூண்டைக் கேட்டேன். சட்டியைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் எந்தச் சட்டியையும் சந்தேகப்பட்டு நான் வளரவில்லை.

என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லம்மாள் எழுந்தேவிட்டாள். "மீனு போடலம்மா! சத்தியமா ஒரு முள்ளுகூடப் போடல. சாம்பல் வெச்சுத் தேச்சுக் கழுவிட்டுத்தான் வெச்சேன். நீ கேட்டதெல்லாம் கேட்டுக்கினுதானே பண்ணேன்?"

உண்மைதான். நான் கேட்டதில் ஒன்றைக்கூட அவள் மீறவில்லை. "உன் மேல தப்பே இல்ல" என்றேன். ரவிக்கைத் துணியைக் கொடுத்தேன். குங்குமம் வைத்துவிட்டேன். அவளுக்கு மனசு ஆறவில்லை. "இந்தச் சட்டியில வெச்சாதான் கொயந்த துன்னுதுன்னா நீயே எடுத்துக்கினு போயேன். நான் வேற வாங்கிக்கிறேன்" என்றாள். அந்தச் சட்டியோடு நான் எங்கள் வீட்டு வாசற்படி ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

இவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கட்டிலும் சத்தம் போடவில்லை.

"மூணு தடவை போட்டுண்டேனே" என்றார்.

"இப்ப என்ன நினைக்கறேள்?"

"நாலாவது தடவை கேட்டிருக்கலாம்னு" என்றார். அதற்கப்புறம் நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் அணில் பெட்டியைவிட்டு எட்டிப் பார்த்தது.

சிரிப்பு படகோடு முடிந்துவிட்டது. திருவள்ளூர் வந்து சேர்ந்ததும் மாமனார் வாசலிலேயே நின்றிருந்தார். "குழந்தை சாப்பிட்டாளா?"

"வயிறு நிறையச் சாப்பிட்டா அப்பா" என்றார் இவர்.

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "புளியோதரையா?" என்று கேட்டார். தூக்கு ஏரிக்குள் போனதைச் சொன்னோம். அதற்கு ஒன்றும் வருத்தப்படவில்லை. "வேற என்ன சாப்பிட்டா?" என்றார். எனக்கு முன்னால் கோதை பதில் சொல்லிவிட்டாள். "எல்லம்மா கொயம்பு!"

ஓட்டலில் வேலை செய்கிறவள் எங்களுக்காகத் தனியாக மாங்காய், கத்திரிக்காய் போட்டு வைத்த குழம்பு என்றேன். வெங்காயம்கூடக் கிடையாது என்றேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம். வெளிச் சாப்பாடு என்று அவர் முகம் சுருங்கும் என்று பயந்தேன். சுருங்கவில்லை. பேத்தி சாப்பிட்டாள் என்பதைத் தவிர வேறெதுவும் அவர் காதில் விழவில்லை. "அவ்வளவுதானே? மாங்காய்க் குழம்புதானே? நாளைக்கு நானே பண்றேன்" என்றார்.

பண்ணினார். கோதை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். "இது இல்லே" என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். அடுத்த தடவை மிளகாயை அம்மியில் அரைத்துப் பண்ணினார். "இது இல்லே." வெந்தயத்தை வறுத்துப் போட்டார். "இது இல்லே." மண்சட்டியில்தான் வைத்தாள் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பெரியபாளையத்துக்குப் போகிறவர் ஒருவரிடம் சொல்லிப் புதுச் சட்டி வரவழைத்து, எண்ணெய் தடவிப் பழக்கி, அதிலும் பண்ணினார். கோதை ஒரு வாய் விழுங்கியதும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "கொஞ்சம் இதுதான்" என்றாள். அதற்குமேல் இறங்கவில்லை. கன்னம் மறுபடி உப்ப ஆரம்பித்துவிட்டது.

"ஏதோ ஒண்ணு விட்டுப்போறதும்மா" என்கிறார் மாமனார். "என் நாக்கு பொய் சொல்லாது. அவ ஏதோ ஒண்ணு சேர்த்திருக்கா. நன்னா யோசிச்சுப் பாரு." அவர் இப்படிக் கேட்கும்போதெல்லாம் இவருக்கு இருமல் வந்து வாசலுக்குப் போய்விடுகிறார். நான் நின்று யோசிப்பதுபோல் நிற்கிறேன்.

சொல்லிவிடலாமா என்று தினம் நினைக்கிறேன். சொன்னால் அவர் சத்தம் போடமாட்டார். குழந்தைக்கும் எங்களுக்கும் செய்யவேண்டிய பரிகாரத்தைச் செய்துவிட்டு, மன்னித்தும் விடுவார். ஆனால் அன்றைக்கு வாசலில் நான் பார்த்த அந்த முகத்தைத் திரும்ப எங்கே போய் வாங்குவேன்? சொல்லாவிட்டால் குழந்தை சாப்பிடுவது எப்படி? இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது.

ஆகவே இதைப் படிக்கும் சகோதரிகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புளிப்பான மாங்காய், பிஞ்சுக் கத்திரிக்காய், புளி, மிளகாய், மல்லி, வெந்தயம், நிறைய நல்லெண்ணெய். வெங்காயமும் பூண்டும் கிடையாது. இதோடு வேறு எதைச் சேர்த்தால் அந்த ருசி வரும்? வேரோ, விதையோ, இலையோ, உப்பில் ஊறிய எதுவோ, முளைத்து வந்ததாக இருந்தால் சரி, நீந்தி வந்ததாக இருக்கக்கூடாது. தெரிந்தவர்கள் தயவுசெய்து இந்தப் பத்திரிகையின் சமையல் குறிப்புப் பகுதிக்கு எழுதுங்கள், நீங்களாகவே கண்டுபிடித்த குழம்பு என்று போட்டு. என் மாமனார் பத்திரிகையைக் கையில் எடுப்பதே அந்தப் பக்கத்துக்காகத்தான். பயணக் கட்டுரை இருக்கும் பக்கத்தை அவர் புரட்டுவதே இல்லை.